எழுநூறு வார்த்தை தெரிந்த விளையாட்டு

கணிப்பொறித் துறை, மூன்றாம் ஆண்டு

கம்ப்யூட்டர் கேம் என்றாலே நம் நண்பர்களுக்குத் துப்பாக்கியும் காரும்தான் ஞாபகத்துக்கு வரும். திரை முழுக்கப் படம், காது கிழியும் சத்தம். இக்கட்டுரையில் நாம் காணப்போகும் விளையாட்டில் ஒரு படம்கூடக் கிடையாது. சத்தமும் இல்லை, மவுஸும் வேண்டாம். கறுப்புத் திரையில் நாலு வரி ஆங்கிலம் வரும். அதன் கீழே ஒரு அம்புக்குறி, நீங்கள் என்ன டைப் செய்யப் போகிறீர்கள் என்று பார்த்துக்கொண்டு சும்மா நிற்கும். இதன் பெயர் ஜோர்க்.

கதை இதுதான். நீங்கள் ஒரு வெள்ளை வீட்டுக்கு மேற்கே, திறந்த வெளியில் நிற்கிறீர்கள். வீட்டின் முன்கதவு பலகை அடித்து மூடப்பட்டிருக்கிறது. பக்கத்தில் ஒரு சின்னத் தபால் பெட்டி. இதைச் சொல்லிவிட்டு ஜோர்க் வாயை மூடிக்கொள்ளும். அடுத்தது உங்கள் பாடு. "ஓபன் மெயில்பாக்ஸ்" என்று டைப் செய்தால் உள்ளே ஒரு நோட்டீஸ் இருப்பதாகச் சொல்லும். வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போனால் ஒரு ஜன்னல் லேசாகத் திறந்திருக்கும். அதன் வழியே ஏறினால் சமையலறை, அதைத் தாண்டினால் கூடம். கூடத்தில் ஒரு பித்தளை விளக்கு, ஒரு வாள், பரிசுப் பொருள் வைக்கும் அலமாரி, தரையில் ஒரு கம்பளம். கம்பளத்தை நகர்த்தினால் அடியில் ஒரு கதவு. கதவுக்குக் கீழே பாதாள உலகம். அங்கே சிதறிக் கிடக்கும் பொக்கிஷங்களை ஒவ்வொன்றாக மேலே கொண்டுவந்து அலமாரியில் சேர்க்க வேண்டும். முழு மதிப்பெண் 350. விளக்கு இல்லாமல் இருட்டில் நடமாடினால் குரூ என்றொரு பிராணி தின்றுவிடும். குரூ எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. படம் இல்லாத விளையாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான பூதம் அமையுமா?

விடுதியில் இதைக் காட்டியபோது நண்பன் ஒருவன் கேட்ட முதல் கேள்வி: "இங்கிலீஷே நமக்குத் தகராறு, இதுல இங்கிலீஷ்லயே விளையாடணுமா?" நியாயமான கேள்விதான். பத்தாவது வரை தமிழ் வழியில் படித்துவிட்டு இங்கே வந்தவர்கள் நம்மில் பலர். வீட்டில் முதல் ஆளாகப் படிக்க வந்தவர்களுக்கு (என்னையும் சேர்த்துத்தான்) ஒரு சொல்லுக்கு அர்த்தம் கேட்கக்கூட வீட்டில் ஆள் கிடையாது. வைவாவில் ஒரு வார்த்தை தடுமாறினால் பின் பெஞ்சில் சிரிப்பு வரும். ஆனால் ஜோர்க் விஷயத்தில் நான் சொல்ல வருவது வேறு. இந்த விளையாட்டுக்கும் ஆங்கிலம் தெரியாது! அதன் அகராதியில் இருப்பது சுமார் 700 வார்த்தைகள். இலக்கணம் என்று பார்த்தால் ஒரு வினைச்சொல், ஒன்றோ இரண்டோ பொருள், நடுவில் "வித்", "இன்" போன்ற ஒரு சின்னச் சொல். அதற்கு மேல் போனால் அது திணறும். இலக்கிய ஆங்கிலத்தில் ஒரு பத்தி எழுதினாலும், "டேக் லேம்ப்" என்று எழுதினாலும், அது கேட்டு வாங்கிக்கொள்வது "டேக் லேம்ப்" மட்டும்தான். தெரியாத வார்த்தை வந்தால் "இந்த வார்த்தை எனக்குத் தெரியாது" என்று தன்னைத்தான் சொல்லிக்கொள்ளும், நம்மைப் பார்த்துச் சிரிக்காது.

வர்ணனைகளைப் படிக்க டிக்ஷனரி தேவைப்படும், அதை மறைக்கவில்லை. ஆனால் அதே இடத்துக்கு நீங்கள் முப்பது தடவை திரும்ப வருவீர்கள். மூன்றாவது தடவைக்கு மேல் டிக்ஷனரி தானாக மூடிக்கொள்ளும்.

குகையில் பிறந்த கதை

ஜோர்க்குக்கு முன்னால் அட்வென்ச்சர் என்றொரு விளையாட்டு இருந்தது. எழுதியவர் வில் கிரவுதர். அமெரிக்காவில் போல்ட் பெரானெக் அண்டு நியூமன் என்ற நிறுவனத்தில் வேலை பார்த்தவர். இன்றைய இன்டர்நெட்டுக்கு முன்னோடியான அர்ப்பாநெட்டின் புரோகிராமர்களில் ஒருவர். ஓய்வு நேரத்தில் குகைக்குள் இறங்கி அளந்து வரைபடம் போடுவது அவருக்கும் அவர் மனைவி பாட்ரீசியாவுக்கும் பழக்கம். கென்டக்கி மாநிலத்தின் மம்மத் குகையும் பிளின்ட் ரிட்ஜ் குகையும் உள்ளே இணைந்தே இருக்கின்றன என்று 1972-இல் கண்டுபிடித்த குழுவில் பாட்ரீசியாவும் இருந்தார். பிறகு இருவரும் பிரிந்துவிட்டார்கள். பிரிந்து வாழும் தம் பெண் குழந்தைகள் விளையாட ஏதாவது செய்ய வேண்டும் என்று, 1975-76 வாக்கில், தமக்குத் தெரிந்த குகையையே ஃபோர்ட்ரானில் ஒரு விளையாட்டாக எழுதினார் கிரவுதர். ஓடியது பிடிபி-10 என்ற பெரிய கம்ப்யூட்டரில்.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டான் உட்ஸ் என்பவர் கையில் இது கிடைத்தது. பெரிதாக்க ஆசைப்பட்டார், எழுதியவரிடம் அனுமதி கேட்க வேண்டும். கிரவுதரின் முகவரி தெரியாது. அர்ப்பாநெட்டில் இருந்த ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் "கிரவுதர்" என்று பெயர் போட்டு மின்னஞ்சல் அனுப்பினார்! இன்றைக்கு அப்படிச் செய்தால் ஆயுள் முடிந்துவிடும். அன்றைக்கு மொத்த நெட்வொர்க்கே அவ்வளவுதான். அனுமதி கிடைத்தது, 1977-இல் விரிவாக்கிய அட்வென்ச்சர் எல்லாப் பக்கமும் பரவியது.

அதே 1977-இல் எம்.ஐ.டி.யில் அட்வென்ச்சரை ஆடி முடித்த டிம் ஆண்டர்சன், மார்க் பிளாங்க், புரூஸ் டேனியல்ஸ், டேவ் லெப்ளிங் என்ற நால்வர், இதைவிட நன்றாக நாம் எழுதலாமே என்று ஆரம்பித்ததுதான் ஜோர்க். 1979-இல் இன்ஃபோகாம் என்ற கம்பெனி தொடங்கப்பட்டது. 1980-இல் ஜோர்க்கின் முதல் பாகம் வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு விற்பனைக்கு வந்தது. 1986-இல் ஆக்டிவிஷன் இன்ஃபோகாமை வாங்கியது, 1989-இல் அலுவலகத்தை மூடியது. சரித்திரம் இது போதும், பாடத்துக்கு வருவோம்.

ஏழாவது எழுத்து வீண்

எம்.ஐ.டி.யில் ஓடிய ஜோர்க் சுமார் ஒரு மெகாபைட் நினைவகத்தைப் பிடித்தது. அன்றைய வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்ததோ சில பத்து கிலோபைட். எப்படி நுழைத்தார்கள்? விளையாட்டை மூன்று பாகமாக வெட்டினார்கள். கூடவே ஜோயல் பெரெஸும் மார்க் பிளாங்கும் சேர்ந்து இசட்-மெஷின் என்று ஒரு கம்ப்யூட்டரை வடிவமைத்தார்கள். அது தகரத்தாலும் சிலிக்கனாலும் செய்தது இல்லை, காகிதத்தில் மட்டும் இருக்கும் கம்ப்யூட்டர். விளையாட்டை அந்தக் கற்பனை எந்திரத்துக்கு எழுதிவிடுவது. பிறகு ஆப்பிள், ஐபிஎம், அட்டாரி என ஒவ்வொரு நிஜ எந்திரத்துக்கும் அந்தக் கற்பனை எந்திரம் போல நடிக்கும் ஒரு சின்னப் புரோகிராம் எழுதினால் போதும். நம் ஜாவா பாடத்தில் விர்ச்சுவல் மெஷின் என்று படிக்கிறோமே, ஜாவா வெளிவந்தது 1995-இல். இவர்கள் 1979-இல் யோசித்தது.

ஜோர்க் முதல் பாகத்தின் கோப்பு சுமார் 85 ஆயிரம் பைட். உங்கள் கைப்பேசியில் எடுக்கும் ஒரே ஒரு போட்டோ இதைப்போலப் பல மடங்கு. இவ்வளவு சின்ன இடத்தில் வார்த்தைகளை எப்படி அடைத்தார்கள் என்பது கொஞ்சம் உட்கார்ந்து பார்க்க வேண்டிய விஷயம்.

சாதாரணமாக ஒரு எழுத்துக்கு 8 பிட். இசட்-மெஷினில் 5 பிட்தான். 5 பிட்டில் 0 முதல் 31 வரை 32 எண்கள் வரும். 0 என்பது இடைவெளி. 1, 2, 3 சுருக்கச் சொற்களுக்கு. 4, 5 இரண்டும் பெரிய எழுத்து, நிறுத்தக்குறி ஆகியவற்றுக்கு மாறும் ஷிஃப்ட் சாவிகள். மீதி 6 முதல் 31 வரை 26 எண்கள். ஆங்கிலத்தில் எத்தனை எழுத்து? 26. அச்சு வார்த்ததுபோல உட்கார்ந்துவிட்டது. இரண்டு பைட் என்பது 16 பிட். அதில் மூன்று எழுத்துக்கு 15 பிட் போக ஒரு பிட் மிச்சம். அந்த மிச்ச பிட் "சொல் முடிந்தது" என்ற அடையாளம். எதையுமே வீணாக்கவில்லை பாருங்கள்.

அகராதியில் ஒரு வார்த்தைக்கு நான்கு பைட் ஒதுக்கினார்கள். ஆக ஆறு எழுத்து. "லேம்ப்" என்ற ஆங்கிலச் சொல்லை நோட்டில் போட்டுப் பாருங்கள். அதில் எல், ஏ, எம், பி என நான்கு எழுத்து. ஏ-வுக்கு 6 என்று தொடங்கி எண்ணினால் 17, 6, 18, 21. ஆறு இடத்தை நிரப்ப வேண்டும், மீதி இரண்டிலும் 5 போட வேண்டும் என்பது விதி. எனவே 17, 6, 18 முதல் இரண்டு பைட்டில், 21, 5, 5 அடுத்த இரண்டு பைட்டில்:

0 10001 00110 10010
1 10101 00101 00101

முன்னால் நிற்கும் 0, "இன்னும் இருக்கிறது". அடுத்த வரியின் 1, "முடிந்தது".

ஏழாவது எழுத்துக்கு என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது, அதைப் பார்ப்பதே இல்லை. "மெயில்பாக்ஸ்" ஆங்கிலத்தில் ஏழு எழுத்து. கடைசி எக்ஸை விட்டுவிட்டு அடித்தாலும், எக்ஸுக்குப் பதில் இசட் போட்டாலும் பெட்டி திறக்கும். "ஸ்க்ரூடிரைவர்" பதினோரு எழுத்து, முதல் ஆறு சரியாக இருந்தால் போதும். ஸ்பெல்லிங் பயம் உள்ளவர்கள் இதைச் சுவரில் எழுதி ஒட்டிக்கொள்ளலாம்.

பழைய அட்வென்ச்சரில் இன்னும் மோசம், ஐந்தே எழுத்து. காரணம் பிடிபி-10 கம்ப்யூட்டரின் ஒரு வேர்டு 36 பிட். 7 பிட் எழுத்து ஐந்து போட்டால் 35. இதனால் ஒரு வேடிக்கை நேர்ந்தது. வடக்கு என்பதற்கு ஆங்கிலத்தில் ஐந்து எழுத்து. வடகிழக்கு, வடமேற்கு இரண்டுக்கும் முதல் ஐந்து எழுத்து அதேதான்! வடகிழக்கே போ என்றால் வடக்கே போய்விடும். அதனால் அந்தத் திசைகளுக்கு இரண்டெழுத்துச் சுருக்கத்தைத்தான் டைப் செய்ய வேண்டும் என்று விளையாட்டே சொல்லிவிடும். ஜோர்க்கில் ஆறு எழுத்து என்றதும் இந்தச் சிக்கல் தீர்ந்தது, ஆறாவது எழுத்தில் கிழக்கும் மேற்கும் பிரிந்துவிடும்.

700 வார்த்தையில் நீங்கள் டைப் செய்ததை எப்படித் தேடும்? அகராதி எண் வரிசையில் அடுக்கப்பட்டிருப்பதால் பைனரி தேடல்தான். நடுவில் திற, முன்னா பின்னா பார், பாதியைத் தள்ளு. 2-இன் 10-ஆவது அடுக்கு 1024 என்பதால் பத்து ஒப்பீட்டுக்குள் வார்த்தை இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். டேட்டா ஸ்ட்ரக்சர் தேர்வுக்காக மனப்பாடம் செய்கிறோமே, அது இங்கே ஒவ்வொரு என்டர் சாவிக்கும் ஓடுகிறது.

பைல் எந்த மேஜையில் நிற்கும்?

வார்த்தை புரிந்தாயிற்று. இனி என்ன செய்வது என்று யார் முடிவு செய்கிறார்கள்? இதுதான் ஜோர்க்கின் உயிர்நாடி எனலாம்.

தாலுகா ஆபீஸில் ஒரு மனு கொடுத்தால் எப்படி நகரும்? முதல் மேஜைக்காரர் பார்ப்பார். "இது என் செக்‌ஷன் இல்லை" என்றால் அடுத்த மேஜை. அவரும் இல்லை என்றால் அதற்கடுத்தது. யாராவது ஒருவர் "இதை நான் முடிக்கிறேன்" என்றால் அங்கேயே முடிந்தது. யாருமே எடுக்காவிட்டால் கடைசியில் ஒருவர் வழக்கமான ஒரு பதிலைத் தந்து அனுப்பிவிடுவார். ஜோர்க்கில் நீங்கள் "டர்ன் போல்ட் வித் ரெஞ்ச்" என்று அடித்தால், நடுவில் வரும் சில்லறைச் சோதனைகளை விட்டுவிட்டுச் சொன்னால், முதலில் நீங்கள் நிற்கும் அறையைக் கேட்கும்: உனக்கு இதில் ஏதாவது வேலை உண்டா? இல்லை என்றால் ரெஞ்சைக் கேட்கும். அதுவும் இல்லை என்றால் போல்ட்டைக் கேட்கும். போல்ட்டும் கைவிரித்தால் "டர்ன்" என்ற வினைச்சொல்லின் பொதுப் பதில் வரும். ஒவ்வொரு பொருளுக்கும் தன் புரோகிராம் தன்னிடமே இருக்கிறது. "ஈட் போல்ட்" என்று அடித்தால் யாரும் அதைக் கோரமாட்டார்கள். மனு கடைசி மேஜைக்கு வந்து, "தின்" என்ற வினை கிண்டலாக ஒரு பதில் சொல்லும். ஜோர்க்கின் நகைச்சுவை பெரும்பாலும் இந்தக் கடைசி மேஜையில்தான் உட்கார்ந்திருக்கிறது.

இது தெரிந்தால் ஆட்டம் எப்படி மாறும்? கிண்டலான பொதுப் பதில் வந்தால், அந்தப் பொருளுக்கும் அந்த வினைக்கும் ஆசிரியர்கள் எதுவும் எழுதவில்லை என்று அர்த்தம், நேரத்தை வீணாக்க வேண்டாம். மாறாக அந்தப் பொருளுக்கென்றே எழுதிய பதில், "அது அசையவில்லை" என்றிருந்தாலும்கூட, பைல் சரியான மேஜையில்தான் இருக்கிறது. ஏதோ ஒரு இணைப்புப் பேப்பர் குறைகிறது. தோல்விகளையே இப்படி இரண்டு வகையாகப் பிரித்துப் படிக்கத் தெரிந்தவன்தான் இந்த விளையாட்டை ஜெயிக்கிறான். ஆங்கிலத்தில் நூற்றுக்கு நூறு எடுத்தவன் என்பதால் ஜெயிப்பதில்லை.

பொருள்கள் எங்கே இருக்கின்றன என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அறை, விளக்கு, கள்வன், நீங்கள் எல்லாமே "ஆப்ஜெக்ட்"தான். ஒவ்வொன்றுக்கும் மூன்று எண்கள்: தாய் யார், அடுத்த உடன்பிறப்பு யார், முதல் பிள்ளை யார். விளக்கு கூடத்தின் பிள்ளை. "டேக் லேம்ப்" என்றால் விளக்கைக் கூடத்தின் வரிசையிலிருந்து கழற்றி உங்கள் முதல் பிள்ளையாக மாட்டுகிறது. அவ்வளவுதான் "எடுத்தல்". எண்ணுக்கு ஒரே பைட் என்பதால் மொத்தம் 255 பொருளுக்கு மேல் முடியாது. விளக்கு எரிகிறதா, பெட்டி திறந்திருக்கிறதா என்பதெல்லாம் ஒவ்வொரு பிட். ஒரு பொருளுக்கு 32 பிட்.

அணைக்கட்டுப் புதிர்

இனி ஒரு புதிரை முழுதாக அவிழ்க்கப் போகிறேன். தானே ஆடித் தெரிந்துகொள்ள நினைப்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடலாம். நம் பாலிடெக்னிக் மாணவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான புதிர் இல்லை என்பதால் எடுத்துக்கொண்டேன்.

பாதாள உலகில் வெள்ளத் தடுப்பு அணை எண் 3 என்று ஒரு பிரம்மாண்டமான அணை இருக்கிறது. சிவில் மாணவர்கள் கவனிக்க! அணையின் மேல் ஒரு கண்ட்ரோல் பேனல், அதில் பெரிய உலோக போல்ட். போல்ட்டுக்கு மேலே பச்சை நிறத்தில் ஒரு சின்ன பிளாஸ்டிக் குமிழ். பக்கத்தில் பராமரிப்பு அறை. அங்கே ஒரு ரெஞ்ச், ஒரு ஸ்க்ரூடிரைவர், பசை போன்ற ஏதோ அடைத்த ஒரு டியூப். சுவரில் நீலம், மஞ்சள், பழுப்பு, சிவப்பு என நான்கு பொத்தான்கள். எதற்கும் பெயர் எழுதவில்லை.

கையால் போல்ட்டைத் திருப்பினால் முடியாது. சரி, ரெஞ்சை எடுத்துவந்து திருப்பினாலும் எவ்வளவு முக்கினாலும் அசையாது. இங்கேதான் பலர் "ரெஞ்ச் இதுக்கு இல்லை போல" என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் பதிலைப் பாருங்கள். இது கடைசி மேஜைப் பதில் இல்லை, போல்ட்டின் சொந்தப் பதில். ரெஞ்ச் சரி, வேறு ஒரு நிபந்தனை பாக்கி.

பராமரிப்பு அறைக்குத் திரும்பி மஞ்சள் பொத்தானை அழுத்தினால் ஒரு "க்ளிக்" சத்தம் வரும். வேறு எதுவும் நடந்த மாதிரி தெரியாது. அணைக்குப் போய்ப் பார்த்தால் பச்சைக் குமிழ் எரிகிறது! இப்போது ரெஞ்சால் திருப்பினால் மதகு திறக்கும். பழுப்புப் பொத்தான் குமிழை அணைத்துவிடும், அதோடு போல்ட்டும் மறுபடி பூட்டிக்கொள்ளும்.

எலக்ட்ரிகல் மாணவர்களுக்கு இது என்னவென்று சொல்லவே வேண்டாம். இன்டர்லாக். ஒரு பெரிய மோட்டாரை ஸ்டார்ட் செய்யும் முன் வேறு இடத்தில் ஒரு அனுமதி கிடைத்திருக்க வேண்டும். அனுமதி கிடைத்ததற்கு அடையாளமாகப் பேனலில் ஒரு விளக்கு எரிய வேண்டும். கட்டளை கொடுக்கும் இடம் ஒன்று, அனுமதி கொடுக்கும் இடம் ஒன்று. புரோகிராமில் இது ஒரே ஒரு கொடி: மஞ்சள் அதை 1 ஆக்குகிறது, பழுப்பு 0 ஆக்குகிறது, போல்ட் அதைப் படிக்கிறது, குமிழ் அதைக் காட்டுகிறது. லேடர் வரைபடம் போட்டால் இரண்டு படிதான்.

நீலப் பொத்தான் வேறு கதை. அழுத்தினால் சுவரில் கசிவு ஏற்பட்டுத் தண்ணீர் ஏறத் தொடங்கும். நீங்கள் கொடுக்கும் ஒவ்வொரு கட்டளைக்கும் கொஞ்சம் ஏறும். ஜோர்க்கில் காலம் கைக்கடிகாரத்தில் ஓடுவதில்லை, என்டர் சாவியில் ஓடுகிறது. நீங்கள் டீ குடித்துவிட்டு வந்தாலும் தண்ணீர் அதே இடத்தில்தான் நிற்கும். ஆனால் பதறிப்போய் நாலு வீண் கட்டளை அடித்தால் நாலு படி ஏறிவிடும். டியூபில் இருக்கும் பசையை எடுத்துக் கசிவில் வைத்தால் அடைபடும். பிளம்பிங் வேலையில் எம்-சீல் வைப்பதுபோலத்தான்.

மதகு திறந்ததும் உடனே நீர்த்தேக்கம் வற்றிவிடாது, சில கட்டளைகள் காத்திருக்க வேண்டும். வற்றியபின் சேற்றில் நகைகள் நிறைந்த ஒரு பெட்டி கிடைக்கும். அதுவரை தண்ணீர் மறித்திருந்த வடக்குப் பக்கத்துக்கும் நடந்தே போகலாம். ஒரு போல்ட் திருகியதில் உலகத்தின் வரைபடமே மாறிவிடுகிறது. படம் காட்டும் விளையாட்டுகள் எத்தனையோ பார்த்திருக்கிறேன். என்னைக் கேட்டால், அந்தக் காலி நீர்த்தேக்கத்தில் கால் வைத்தபோது வந்த உணர்ச்சி எதிலும் வந்ததில்லை.

மெக்கானிகல்காரர்களுக்கும் ஒன்று உண்டு: நிலக்கரியை வைரமாக்கும் எந்திரம். மூடியை மூடாமல் அது ஓடாது, சுவிட்சைத் திருப்ப ஸ்க்ரூடிரைவர் வேண்டும். மிச்சத்தை நீங்களே பாருங்கள்.

ஆடத் தொடங்குபவர்களுக்கு

ஒரு கிராஃப் நோட்டு அவசியம். ஒவ்வொரு அறையையும் ஒரு கட்டமாகப் போட்டு, எந்தத் திசையில் போனால் எங்கே வருகிறோம் என்று கோடு இழுக்க வேண்டும். கிழக்கே போய் மேற்கே திரும்பினால் பழைய இடத்துக்கே வருவோம் என்று நம்பக் கூடாது, பாதைகள் வளையும். எல்லாமே ஒரேபோலத் தெரியும் ஒரு புதிர்க்குகை வரும்போது ஒவ்வோர் அறையிலும் ஒரு பொருளைப் போட்டு அடையாளம் வைப்பது அட்வென்ச்சர் காலத்து உத்தி. ஜோர்க்கிலும் பலிக்கும். ஆனால் அங்கே ஒரு கள்வன் உலவுகிறான். நீங்கள் அடையாளத்துக்குப் போட்டதை எடுத்துக்கொண்டு போய்விடுவான்! எனவே போட்ட உடனே வரைபடத்தில் குறித்துவிட வேண்டும்.

அந்தக் கள்வன் மேல் எல்லோருக்கும் கோபம் வரும், ஆரம்பத்திலேயே வெட்டிப் போடத் தோன்றும். அவசரம் வேண்டாம். மரத்தின் மேல் ரத்தினம் பதித்த முட்டை ஒன்று கிடைக்கும். அதை நாமே வலிந்து திறந்தால் சேதமாகிவிடும். நுணுக்கமான விரல் கள்வனுக்குத்தான் உண்டு. அவன் கையில் அது போய்ச் சேர்ந்து, அவன் திறந்தபிறகுதான் சண்டைக்குப் போக வேண்டும். முன்பே அவனைக் கொன்றுவிட்டால் விளையாட்டு வாயே திறக்காது, ஆனால் 350 இனி உங்களுக்கு எட்டாது. நிறுத்தாமல் தோற்கடிக்கும் இந்தக் குணம் பழைய இன்ஃபோகாம் விளையாட்டுகளில் எனக்குப் பிடிக்காத ஒன்று. விளக்கின் எண்ணெயும், மன்னிக்கவும், பேட்டரியும் அப்படித்தான், தீர்ந்துபோனால் போனதுதான். ஆகவே "சேவ்" கட்டளையை வேறு வேறு பெயரில் அடிக்கடி கொடுத்து வைக்கவும்.

ஃப்ராட்ஸ் போன்ற இலவச மென்பொருள் இருந்தால் இசட்-மெஷின் கோப்புகள் எந்தக் கம்ப்யூட்டரிலும் ஓடும். லேபில் உள்ள பழைய எந்திரங்களே தாராளம். 2025 நவம்பரில் ஜோர்க் மூன்று பாகங்களின் மூல நிரலையும் மைக்ரோசாஃப்ட் திறந்த உரிமத்தில் வெளியிட்டுவிட்டது. போல்ட்டின் புரோகிராமை நாமே திறந்து படிக்கலாம். ஆடி முடித்தபின் படிப்பதுதான் முறை என்பது என் கட்சி.

தமிழில் கட்டளை கொடுத்தால்?

இதை நானும் அறைத் தோழனும் இப்போது நாற்பது சொல் வைத்துச் செய்து பார்த்துக்கொண்டிருக்கிறோம். முதலில் மகிழ்ச்சியான செய்தி. ஆங்கிலத்தில் "டர்ன் போல்ட் வித் ரெஞ்ச்" என்பதில் வரிசை மாறினால் அர்த்தம் மாறும். தமிழில் "போல்ட்டை ஸ்பேனரால் திருகு", "ஸ்பேனரால் போல்ட்டைத் திருகு" இரண்டும் ஒன்றே. எது செயப்படுபொருள், எது கருவி என்பதை ஐ-யும் ஆல்-உம் சொல்லிவிடுகின்றன. வரிசையைப் பற்றிக் கவலைப்படாமல் வேற்றுமை உருபைப் பார்த்தால் போதும். எட்டாம் வகுப்பில் எதற்கு என்று தெரியாமல் ஒப்பித்த பாடம்!

ஆனால் இன்ஃபோகாமின் முறை இங்கே உதவாது. அவர்கள் வாலை வெட்டித் தலையை வைத்துக்கொண்டார்கள். தமிழில் செய்தி முழுக்க வாலில் இருக்கிறது, ஆறு எழுத்தோடு வெட்டினால் வேற்றுமையே போய்விடும். எனவே பின்னாலிருந்து உரிக்க வேண்டும். விளக்கை என்பதில் ஐ-யை எடுத்தால் விளக்கு. மரத்தை என்றால் மரம், வீட்டை என்றால் வீடு. மூன்றும் மூன்று விதம், மூன்று விதி. அதற்கும் முன்னால் "போல்ட்டைத் திருகு" என்பதில் ஒட்டிக்கொண்டு வரும் அந்த "த்". தமிழ்ச் சொல் வல்லின மெய்யில் முடியாது என்பது இலக்கண விதி, ஆகவே கடைசியில் க், ச், த், ப் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு வெட்டு என்று ஒரே வரியில் எழுதினோம். அழகாக வேலை செய்தது, "டார்ச் எடு" என்று டைப் செய்யும் வரை. டார்ச்சின் "ச்"-சை வெட்டிவிட்டு, "டார் என்ற சொல் எனக்குத் தெரியாது" என்றது. ஒர்க்‌ஷாப் சாமான்களில் பாதி இப்படித்தான் முடிகிறது: சுவிட்ச், ரெஞ்ச், பெஞ்ச், பம்ப், ஹூக்.

இப்போது முதலில் முழுச் சொல்லையும் அகராதியில் தேடிவிட்டு, கிடைக்காவிட்டால் மட்டும் வெட்டும்படி மாற்றியிருக்கிறோம். டார்ச், டார்ச்சை, டார்ச்சால் மூன்றும் சரியாக வருகின்றன. "மேஜை மேலே இருக்கும் டார்ச்சை எடு" மட்டும் இன்னும் வரவில்லை, மேஜையை எடுக்கப் போகிறது.